காலேஜ் பாக்கப் போனா நேரா எக்ஸாம் செல்லுக்குப் போங்க

+2 ரிசல்ட் வந்ததும் சொந்தக்காரங்க எல்லாம் கேக்குறது எந்த காலேஜ்ல பிளேஸ்மென்ட் நல்லாருக்குங்கிறதுதான். டிஸ்லெக்ஸியா (படிக்க, எழுத சிரமப்படுற கற்றல் குறைபாடு) இருக்குற புள்ளைக்கு சீட் தேடுறவங்க அத கடைசியா கேட்டா போதும்ங்கிறது என் கட்சி.

அட்மிஷன் ஆபீஸ்ல எதக் கேட்டாலும் "பாத்துக்கலாம் மேடம்"னுதான் சொல்வாங்க, சீட்டு நிரப்புறது அவங்க வேலை. பரீட்சை வேலையெல்லாம் பாக்குற எக்ஸாம் செல்லுல போயி ஸ்க்ரைப் (புள்ள சொல்லச் சொல்ல எழுதிக் குடுக்குற ஆள்) உண்டா, மூணு மணி நேர பேப்பருக்கு ஒரு மணி நேரம் கூடுதலா உண்டா, அது இன்டர்னலுக்கும் உண்டா இல்ல செமஸ்டருக்கு மட்டும்தானான்னு கேளுங்க. என் பையனுக்குத் தேடுனப்போ ஒரு பெரிய காலேஜ்ல (பேர் வேணாம்) "அதெல்லாம் ஸ்கூலோட சரி மேடம்"னாங்க. எங்க சரி? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்குற 21 வகையில கற்றல் குறைபாடும் ஒண்ணு, 40% அல்லது அதுக்கு மேலன்னு சர்டிபிகேட் இருந்தா அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்ல 5% இடஒதுக்கீடே இருக்கு. 40% இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக ஸ்க்ரைப் தர மாட்டோம்னு சொல்லக்கூடாதுன்னு 2021ல யூபிஎஸ்சி எழுதுன ஒருத்தர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இன்னும் எடுக்கலன்னா இப்பவே அப்ளை பண்ணிருங்க.

அப்புறம் லாங்குவேஜ். ஸ்கூல்ல ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு வாங்கி நிம்மதியா படிச்ச புள்ள பிஎஸ்சி சேந்ததும் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ்னு ரெண்டும் எதிர்ல வந்து நிக்கும், விலக்கு கிடைக்குமா, யாருக்கு லெட்டர் குடுக்கணும்னு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. இதுல அட்டானமஸ் காலேஜ் எனக்குக் கொஞ்சம் பரவால்லன்னு தோணுது, கொஸ்டின் பேப்பரும் எக்ஸாமும் அவங்க கையிலயே இருக்குறதால யூனிவர்சிட்டி வரைக்கும் அலைய வேண்டியதில்ல.

இன்ஜினியரிங்தான் வேணும்னு நிக்கிறவங்களுக்கு: லேப் ரெக்கார்டு யோசிச்சீங்களா? பக்கம் பக்கமா கையால எழுதணும், அதுக்கு எக்ஸ்ட்ரா டைமும் கிடையாது ஸ்க்ரைபும் கிடையாது, டைப் பண்ணிக் குடுக்க விடுவாங்களான்னு டிபார்ட்மென்ட்ல கேளுங்க, ஹெச்ஓடி முகத்தப் பாத்தாலே பாதி பதில் தெரிஞ்சிரும்.

ஸ்க்ரைப் உண்டுன்னு சொன்னா அதோட எழுந்து வந்துராதீங்க. அவங்களே ஆள் தருவாங்களா, நாம கூட்டிட்டு வரணுமா? நாமன்னா புள்ளைய விட படிப்பு கம்மியான ஆளா இருக்கணும்பாங்க, அந்த ஆளுக்கும் அதே தேதியில அவங்க காலேஜ்ல பரீட்சை இருக்கும். எங்க வீட்ல ஒவ்வொரு செமஸ்டருக்கும் இது ஒரு கல்யாண வேலை.