தந்தை தொழில்: கூலி

கடலூர் மாவட்டத்தில் ஏதாவது ஒரு அரசுப் பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைப் புரட்டினால் முதல் பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மக்கள்தொகை 26 லட்சம், எழுத்தறிவு 78 சதவீதம், பட்டியல் சாதியினர் 29 சதவீதம், முக்கியத் தொழில் விவசாயம். அத்தனையும் 2011 கணக்கெடுப்பு. மாவட்டத்துக்கு அது சரி, பள்ளிக்கு என்ன பிரயோசனம்? அந்த 29, ஊரையும் காலனியையும் சேர்த்துப் போட்ட சராசரி. காலனியை ஒட்டிய தொடக்கப்பள்ளியில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பட்டியல் சாதியாக இருக்கலாம், ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம்.

பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடான எமிஸில் இன்னொரு கூத்து. தந்தை தொழில்: கூலி. முதுநகரில் விசைப்படகில் போகிறவர், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கம்பெனிக்குப் போகிறவர், காட்டுமன்னார்கோயிலில் அறுப்புக்குப் போகிறவர், நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி, நாலு பேருமே கூலி. ஆனால் நாலு வீட்டிலும் காசு வற்றுகிற மாதம் வேறு. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நோட்டும் செருப்பும் வாங்கவேண்டிய ஜூன்தான் அந்த வீட்டில் கடன் முற்றுகிற மாதம். முந்திரியில் கொட்டை உடைப்பது பெரும்பாலும் பெண்கள். கூலி கிலோ கணக்கு, கொட்டை ஓட்டில் கசியும் பால் பட்டு விரல் வெந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டை காயாது, வேலை குறையும். அந்த வரும்படி "தந்தை தொழில்" கட்டத்தில் எங்கே வரும்? சம்பா அறுப்பு முடிந்தால் டெல்டாக் கடைமடையில் வேலை இல்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டு. முழு ஆண்டுத் தேர்வு அப்போதுதான்.

வருமானச் சான்றிதழை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உதவித் திட்டத்தின் வருமான உச்சவரம்பு எவ்வளவோ, சான்றிதழும் அதற்குக் கீழேதான் நிற்கும்.

பள்ளி மேலாண்மைக் குழு நினைத்தால் இரண்டு வாரத்தில் உருப்படியான கணக்கு எடுத்துவிடலாம். வீட்டுக்கு ஒரு வரி, 12 மாதத்துக்கு 12 கட்டம். நல்ல வேலை என்றால் 2, அரைகுறை என்றால் 1, இல்லையென்றால் 0. தொகையைக் கேட்கவே வேண்டாம், கேட்டால் பொய்தான் வரும். கூடவே நாலு கேள்வி: வெளியூர் போகும் மாதம் எது, அப்போது பிள்ளை யாரிடம், கைப்பேசி பகலில் யார் கையில், குடும்ப அட்டை எந்த வகை. பிள்ளை கையில் படிவம் கொடுத்து அனுப்பினால் மறுபடியும் "கூலி" என்றுதான் திரும்பும். பகலில் போனால் கிழவிகள் மட்டும் இருப்பார்கள், மாலை ஆறுக்கு மேல் போகவேண்டும். காலனிக்கு அந்தத் தெரு உறுப்பினரே போகட்டும். ஊர்த் தெருவிலிருந்து ஒருவர் நோட்டோடு போய் நின்றால் பாதிதான் சொல்வார்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இருளர் வீடுகளில் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அது இல்லாமல் பழங்குடியினருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

கணக்கை அக்டோபருக்குள் முடிப்பது நல்லது. இடம்பெயரும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பருவகால விடுதி நடத்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வழி இருக்கிறது. பெயர்ப் பட்டியலோடு மனுக் கொடுக்கவேண்டும், அதுவும் குடும்பம் கிளம்புவதற்கு முன்னால்.