அலை நன்றாக நடித்திருந்தது

நான் நடித்த சுனாமிப் படத்தின் ஞாயிற்றுக்கிழமைத் திரையிடலுக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களும் அந்த ஒன்றரை நிமிட வீடியோவை இதற்குள் பார்த்திருப்பீர்கள், எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். கேள்வி நேரத்தில் ஒரு தங்கச்சி எழும்பி, நடிகர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டா. நம் இயக்குநர் சிரித்துக்கொண்டே, "இந்தக் கதைக்கு அலைதான் ஹீரோ. ஆக்கள் யாரா இருந்தாலும் ஓகே" என்றார். சபை கைதட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்த நானும் இரண்டு தட்டுத் தட்டினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

யாராக இருந்தாலும் ஓகே என்றால், என்னை எதற்கு ஐயா பதினொரு டேக் அழவிட்டீர்கள்?

ஷூட்டிங் நடந்த விதத்தைச் சொல்கிறேன். அலையைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பதற்காக மண்டபச் சுவர் முழுக்கப் பச்சைத் துணி. எதிரே ஒரு பெடியன், தும்புத்தடி நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பந்துதான் 2004 டிசம்பர் 26. அதைப் பார்த்து நான் நடுங்க வேண்டும். (பின்னேரம் அதே பந்தில் வெளியே கிரிக்கெட் நடந்தது.) இதில் பெரிய பகிடி, ஜன்னலைத் திறந்தால் திருகோணமலையின் உப்புவெளிக் கடல். நிஜ அலையின் சத்தம் ஒலிப்பதிவுக்கு இடைஞ்சல் என்று ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் கடலைப் படம்பிடித்தோம்.

நான் அந்தப் பந்தைப் பார்க்கவில்லை. என் பெரியம்மாவை நினைத்துக்கொண்டு நின்றேன். அவ நிலாவெளி ஆள். "அலை எவ்வளவு உயரம் பெரியம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்குத் தெரியாது தம்பி. நான் அலையைப் பாக்கேல்ல. பிள்ளையின்ர கையைத்தான் பாத்தன்" என்றா. பக்கத்து வீட்டுப் பிள்ளை. அதைச் சொல்லும்போது வலது பெருவிரலை இடது கைக்குள் வைத்து இறுக்கிப் பொத்திக்கொள்வா. குரல் மாறாது, கண் கலங்காது. விரல் மட்டும் வெளுத்துப்போகும். இருபது வருடமாக அந்தக் கதை அவவிடம் அப்படித்தான் இருக்கிறது.

அந்தப் பெருவிரலைத்தான் நான் கொண்டுபோனேன். "அண்ணன், கையை விடுங்கோ, வாயைத் திறந்து பெருசாக் கத்துங்கோ, பின்னால அலை வருது" என்றார் இயக்குநர். பத்து டேக் கத்தினேன். பதினோராவதில் கத்தாமல் விரலைப் பொத்தினேன். "ஓகே" என்றார். ஒரு வாரம் நித்திரை இல்லாத சந்தோஷம் எனக்கு. கடைசியில் படத்தில் வந்தது என் முதுகு, நாலு செக்கன். அதுக்கு மேலே தண்ணீர்.

உடனே கருத்துப் பெட்டிக்கு வருவீர்கள், தெரியும். "காட்சியை வெட்டினதால வயிறெரியுது." ஓம், எரியுது. எரியக் கூடாதா? மேசன் கட்டின சுவரை இடித்தால் மேசனுக்கு எரியாதா? ஆனால் நான் சொல்வது என் முதுகைப் பற்றி அல்ல. அலை எவ்வளவு பெரிதாக வந்தாலும், அதைப் பார்க்கிற ஒரு முகம் இல்லாவிட்டால் அது வெறும் தண்ணீர். இதைத்தான் சொல்கிறேன்.

"காசில்லாத படம் அண்ணை" என்பவர்களுக்கு: எங்களில் ஒருவருக்கும் சம்பளம் இல்லை. இலவசமாகக் கிடைத்த முகத்தையா முதலில் வெட்டுவது?

"கம்ப்யூட்டருக்கு முன்னால் விடியவிடிய இருந்த பெடியள் பாவமில்லையா?" பாவம்தான். இந்தக் கேள்விக்கு நான் மரியாதை தருகிறேன். 'லைஃப் ஆஃப் பை' படத்துக்குக் கம்ப்யூட்டரில் புலி செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பெப்ரவரியில் திவாலானது, அதே மாதம் அந்த வேலைக்கு ஆஸ்கார் கிடைத்தது. அவர்களையும் சேர்த்துத்தான் அலைக்கழிக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தையே பாருங்கள். அதற்கு முன் நடித்தே இராத சூரஜ் சர்மா, பெரும்பாலும் இல்லாத புலியைப் பார்த்துத்தான் பயந்தார். இயக்குநர் ஆங் லீ அந்த முகத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பெடியன் நம்பினான், அதனால் நாமும் புலியை நம்பினோம்.

பழைய ஆள், கூத்துக்காரன் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். 1957இல் வந்த 'மாயாபஜார்' கிராபிக்ஸ் இல்லாத காலத்துத் தந்திரக் காட்சி. லட்டு தானாக எழும்பிக் கடோத்கஜன் வாய்க்குள் போகும். எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்பது லட்டைப் பார்த்தா, ரங்காராவ் கண்ணை உருட்டுவதைப் பார்த்தா?

என்னை விடுங்கள், நான் யார். இயன் மெக்கெல்லன் எவ்வளவு பெரிய மேடை நடிகர். 'த லோர்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தில் அவர் நெடிய மந்திரவாதி, எதிரே குட்டை ஆக்கள். அதை எடுத்தபோது ஒருவரைக் கமராவுக்குக் கிட்டவும் மற்றவரைத் தள்ளியும் நிறுத்தி உயர வித்தியாசம் காட்டினார்கள், எதிரே ஆளாவது இருந்தது. 2012இல் வந்த 'த ஹொபிட்' முப்பரிமாணப் படம், அந்தத் தந்திரம் அதில் பலிக்காது. அதனால் பச்சை அறையில் அவரைத் தனியாக விட்டு, பதின்மூன்று குள்ளர்களின் படங்களைத் தடிகளில் மாட்டி, யார் பேசுகிறாரோ அவர் படத்தில் லைட் எரியவிட்டார்கள். மனுஷன் அழுதுவிட்டார். இதற்காகவா நடிகனானேன் என்று அவர் முணுமுணுத்தது, மைக் திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவர்களாவது பிறகு அவருடைய கூடாரத்தை அலங்கரித்துச் சமாதானப்படுத்தினார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு பிளேன்டீ, அதுவும் ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவை ஓட்டோவில் கூட்டிவந்திருந்தேன். படம் முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் இருந்தா. வாசலில் செருப்பைத் தேடும்போது கேட்டா, "தண்ணி நல்லாத்தான் இருக்கு. நீ எங்க தம்பி நிண்டனி?"

இந்தப் பதிவைப் படித்துவிட்டு இயக்குநர் எனக்குப் போன் எடுக்க வேண்டாம். உங்கள் அலை நன்றாக நடித்திருந்தது, அதற்கே விருது கொடுங்கள். அப்புறம், அந்தப் போஸ்டரில் என்னை டேக் செய்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். அதிலும் நான் இல்லை.