பிடி சார் ரிட்டயர் ஆயிட்டாரு

எங்க ஊர் கவர்மென்ட் ஸ்கூல் பிடி சார் மே மாசத்தோட ரிட்டயர் ஆயிட்டாரு. பாராட்டு விழாவுல மைக் புடிச்ச எல்லாரும் டென்த் ரிசல்ட், பிளஸ் டூ சென்டம்னுதான் பேசுனாங்க. சார பத்தி வந்ததெல்லாம் "ஸ்கூல் டிசிப்ளினுக்கு அவர்தான் காரணம்"னு ஒரே ஒரு வரி. எனக்கு மனசே ஆறல, அதான் எழுதுறேன்.

கபடி, கோ-கோ, வாலிபால், எறிபந்து, அத்லெடிக்ஸ் எல்லாத்துக்கும் அவரு ஒருத்தர்தான் கோச். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சவரு, எதுலயும் ஸ்பெஷலிஸ்ட் இல்லன்னு சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்கவே மாட்டேன். காலைல பிரேயருக்கு லைன்ல வர்றப்பவே எந்தப் புள்ள எப்படி நடக்குது, எவன் படிய ரெண்டு ரெண்டா தாவுறான்னு பாத்து வச்சுக்குவாரு, அதுதான் அவரோட வித்தை. என் கூட படிச்ச ஒருத்தி கோ-கோல எப்பவும் சீக்கிரம் அவுட் ஆயிடுவா, நேரா ஓடுனா யாராலயும் புடிக்க முடியாது, ஆனா ரெண்டு முனைலயும் நட்டிருக்குற கம்பத்துகிட்ட வளைய வராது. வேற யாரா இருந்தாலும் டீம விட்டு தூக்கியிருப்பாங்க. சார் அவள மணல் குழிகிட்ட கூட்டிட்டுப் போயி லாங் ஜம்ப்ல விட்டாரு. அவங்கப்பா வயசுக்கு வந்த புள்ளய வெளியூர் அனுப்ப முடியாதுன்னுட்டாரு, சார் அவரு வீட்டம்மாவையும் டிவிஎஸ் 50ல உக்கார வச்சுக்கிட்டு மூணு தடவ அந்த வீட்டுக்குப் போனாரு. ஜோனல், டிஸ்ட்ரிக்ட், ஸ்டேட்டுன்னு போயி இன்னைக்கு அவ ஸ்போர்ட்ஸ் கோட்டால போலீஸ்ல இருக்கா.

சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு கதையும் இதுதானே. அஞ்சு வயசுல கால் மேல பஸ் ஏறி முழங்காலுக்குக் கீழ நசுங்கிப் போன பையன், ஸ்கூல்ல வாலிபால் ஆடிட்டிருந்தவர ஹைஜம்ப் பக்கம் திருப்பி விட்டது அவங்க ஸ்கூல் பிடி சார்தான். 2016 ரியோ பாராலிம்பிக்ஸ்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம், அப்புறம் டோக்கியோல வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம். வாலிபால் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர் அங்க இருந்திருந்தா அந்தப் பையன் வாலிபாலோடவே நின்னிருப்பாருன்னுதான் எனக்குத் தோணுது. இப்ப ஏழு வயசுலயே கிரிக்கெட் அகாடமில பீஸ் கட்டி சேத்துடறோம், அந்தக் குழந்த எதுக்குப் பொறந்த குழந்தன்னு பாக்க அங்க யாரு இருக்கா?

ஸ்போர்ட்ஸ் டேக்கு மொத நாள் சாயங்காலம் நாங்க நாலு பேரு கயிறும் சுண்ணாம்பு பக்கெட்டுமா சார் பின்னாடி போவோம். எங்க கிரவுண்டுல 200 மீட்டர் டிராக்தான் போட முடியும். வளைவுல வெளி லேன்ல ஓடுறவனுக்கு தூரம் கூட வருமே, அதுக்கு எவ்வளவு முன்னாடி நிறுத்தணும்னு எங்களையே கணக்குப் போடச் சொல்லுவாரு. லேன் அகலம் 1.22 மீட்டர்னா ஒரு ரவுண்டுக்கு ரெண்டாவது லேன் 7.04 மீட்டர் முன்னாடி, அதுக்கப்புறம் ஒவ்வொரு லேனுக்கும் இன்னும் 7.67. டிராக் சின்னதோ பெருசோ, இந்த நம்பர் மாறாதுடா, ஏன்னு யோசின்னுட்டு கோடு போடப் போயிடுவாரு. 2πr எனக்குப் புரிஞ்சது அன்னைக்குத்தான், கிளாஸ்ல இல்ல. ஆனா டென்த் வந்ததும் மொத மொதல்ல புடுங்குனது பிடி பீரியடத்தான், ஜூலைலயே மேக்ஸுக்குக் குடுத்துட்டாங்க. சார் ஸ்டாஃப் ரூம்ல போயி அதுக்காக சண்ட போட்டது எங்களுக்கு வெளில கேட்டுச்சு. மார்க் இல்லாத பாடத்துக்கு என்ன சார் அவசரம்னு யாரோ கேட்டாங்க.

மேட்ச்சுக்கு கூட்டிட்டுப் போறப்ப பஸ் காசு, புரோட்டா, குளுக்கோஸ் எல்லாம் பெரும்பாலும் அவரு பாக்கெட்டுலருந்துதான். திரும்பி வர ராத்திரி பத்தாயிடும், ஒவ்வொரு பொண்ணையும் வீட்டு வாசல்ல விட்டுட்டுதான் அவரு வீட்டுக்குப் போவாரு.

போன வாரம் ஸ்கூல் பக்கம் போனேன். அவரு இடத்துக்கு இன்னும் யாரையும் போடல. ஸ்போர்ட்ஸ் ரூம் சாவி சயின்ஸ் மிஸ்கிட்ட இருக்காம், அவங்களும் பாவம், அவங்க கிளாஸ் முடிஞ்சாதான் வந்து தொறக்க முடியும். ஆறாங்கிளாஸ் பையன் ஒருத்தன் கிரவுண்டு செவுத்த ஒரே எம்புல தாவி அந்தப் பக்கம் போனான். பாக்க யாரும் இல்ல.