பிக் பென்னுக்குக் கொண்டை முளைத்த கதை

போன வாரம் தோழி ஒருத்தி புதுத் துணிப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு மான்; கொம்பிலிருந்து மரம் கிளைத்துப் போகிறது. "அழகா இருக்குல்ல? ட்ரைபல் டிசைன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "டிசைன் இல்லடி, ஓவியம். இப்படி வரையறவங்களுக்குப் பேர் இருக்கு" என்று ஆரம்பித்து, டீ ஆறும்வரை விடவில்லை. அவள் பாவம். மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

அந்த மான் கோண்டுப் பழங்குடி ஓவியர்களின் பாணி. அவர்களில் ஒருவரான பஜ்ஜு ஷ்யாம் மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்துக்காரர். பிழைக்க போபாலுக்கு வந்து இரவுக் காவலாளியாக இருந்தவர். 2002இல் லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் வரையக் கூப்பிட்டார்கள். இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்து அந்த ஊரையே வரைந்தார். 2004இல் சென்னை தாரா புக்ஸ் அதை 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்று வெளியிட்டது.

அதில் பிக் பென் கோபுரமும் ஒரு பெரிய சேவலும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து நிற்கும். கோண்டு ஓவியத்தில் நேரத்துக்கு அடையாளம் சேவல். லண்டன்காரர்களுக்கு அந்த மணிக்கூண்டு. விமானம்? சிறகு முளைத்த யானை. அத்தனை கனமான ஒன்று பறப்பதும் யானை பறப்பதும் ஒன்றுதானே! பாதாள ரயில் மண்புழு. 30ஆம் எண் பேருந்து விசுவாசமான நாய். பொழுது சாய்ந்ததும் மதுக்கூடத்துக்குக் கிளம்பும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள் (இதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன்). கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கதையில் மோக்லி திரிந்த சிவனிக் காடு மத்தியப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. அவர்கள் நம் காட்டைக் கதையாக்கினார்கள். இவர் போய் அவர்கள் ஊரைக் காடாக்கிவிட்டு வந்தார்.

இதைப் போய் 'வெள்ளந்தியான கற்பனை' என்கிறார்கள். அந்தச் சொல்லே எனக்கு ஆகாது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியத் தம்பதி அம்பேத்கரின் வாழ்க்கையை வரைந்த 'பீமாயணா' (2011) கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். படக்கதை என்றால் கட்டம் கட்டமாக இருக்கும் இல்லையா? எங்கள் மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம், மூச்சு முட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பேச்சுக் குமிழிலும் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். இதமாகப் பேசுகிறவரின் சொல் பறவை வடிவக் குமிழில் வரும். சாதித் திமிரில் பேசுகிறவனின் குமிழுக்குத் தேள் கொடுக்கு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் எது கொட்டும் என்று தெரிந்துவிடும். இதில் வெள்ளந்தி எங்கே இருக்கிறது? எல்லாம் யோசித்துச் செய்த வேலை.

இன்னொன்று, இதை ஆதிகாலத்துக் கலை என்று நினைத்துக்கொள்கிறோம். கோண்டு மக்களின் பாணர்களான பர்தான்கள், பாணா என்ற நரம்புக் கருவியை மீட்டிக் கோண்டு குடும்பங்களின் கதைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாடியவர்கள், உண்மை. ஆனால் இந்தப் புள்ளியும் கோடுமான பாணியைத் தாளுக்கும் கான்வாஸுக்கும் கொண்டுவந்தவர் ஜன்கட் சிங் ஷ்யாம். 1980களின் தொடக்கத்தில் ஓவியர் ஜே. சுவாமிநாதன் போபாலின் கலை மையமான பாரத் பவனுக்காகக் கலைஞர்களைத் தேடியபோது கண்டெடுக்கப்பட்ட இளைஞர். அந்தப் பாணிக்கே 'ஜன்கட் கலம்' என்று பெயர். அந்தப் பாணிக்கு வயது நாற்பத்துச் சொச்சம். நவீன ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் குதிரைகளைவிட இளசு! 1989இல் பாரிஸ் கண்காட்சி வரை போன ஜன்கட், 2001இல் ஜப்பானில், வரையப் போன இடத்தில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குக் கீழே இருந்து வேலை பழகியவர்தான் பஜ்ஜு.

'அப்போ பழங்குடின்னே சொல்லக் கூடாதா?' என்று தோழி கேட்டாள். தாராளமாகச் சொல்லலாம், அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். ஆளின் பெயரை விழுங்கிவிட்டு அதை மட்டும் சொல்வதில்தான் எனக்குச் சண்டை. உருவத்துக்குள் நிரப்பும் கோடும் புள்ளியும் இவர்களில் ஒவ்வொருவருக்கும் வேறு. ஒருவர் இழைப்பதுபோல் இன்னொருவர் இழைப்பதில்லை. பழகிய கண் பெயரைப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடும்.

கடைசியில் இருவருமாகப் பையைத் திருப்பித் திருப்பி ஓவியர் பெயரைத் தேடினோம். உள்பக்கம் ஒரு துணித்துண்டு தைத்திருந்தது. குளிர்ந்த நீரில் துவைக்கவும், நிழலில் உலர்த்தவும் என்று போட்டிருந்தது.