ஒரே கணிதம், எத்தனை விண்ணப்பம்!

பி.எஸ்சி. முடித்துவிட்டு மேலே கணிதம் படிக்க நினைப்பவர்களை ஏன் இப்படி அலைக்கழிக்கிறார்கள்? ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனமான சி.எம்.ஐ.க்குத் தனித் தேர்வு, கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐ.எஸ்.ஐ.க்குத் தனி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆருக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கட்டணம். போட்டோவைக்கூட ஆளுக்கொரு கேபி அளவில் கேட்கிறார்கள்.

தேர்வு முறைதான் பெரிய கொடுமை. ஜாமில் 3 மணி நேரத்தில் 60 கேள்விகள். விடை சரியா என்று மட்டும் பார்ப்பார்கள், போட்ட வழிக்கு மதிப்பே இல்லை. சி.எம்.ஐ.யிலோ நிரூபணத்தை வரி வரியாக எழுத வேண்டும். எங்கள் கல்லூரியில் எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிறுவும் எப்சிலான்-டெல்டா நிரூபணங்களை மனப்பாடம்தான் செய்யச் சொன்னார்கள். சொந்தமாக ஒன்றை நிரூபிக்க எங்கே போய்ப் பழகுவது? கோச்சிங்குக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

இத்தனையும் தாண்டி இடம் கிடைத்தால், சேரும் நேரத்தில் கடைசி செமஸ்டர் மார்க்‌ஷீட் வந்திருக்காது. ரிசல்ட் தாமதமானால் அதற்கு மாணவரா பொறுப்பு?

ஒரே படிவம், ஒரே கட்டணம் என்று இந்த நிறுவனங்கள் கூடிப் பேசி முடிவெடுக்கக் கூடாதா?