அந்த 24 செகண்ட்ல அப்படி என்னத்த சாதிக்க போறீங்க?

காலைல எட்டு இருபதுக்கு எங்க பொண்ணு ஸ்கூல் வாசல்ல வந்து ஒரு தடவை நின்னு பாருங்க, அப்புறம் பேசுவோம். எல்லாரும் தண்ணி லாரிய திட்டுவாங்க, அந்த டிரைவராச்சும் தூரத்துல இருந்தே ஹார்ன் அடிச்சிட்டு வர்றாரு, நாங்க ஒதுங்கிக்கிறோம். எனக்கு பயமே குழந்தைய ஸ்கூல்ல விட ஸ்பீடா பறந்து வர்ற அப்பா அம்மாவ பாத்துதான்.

நேத்து நடந்தத சொல்றேன். வீடு பக்கம்தான், நானும் ரெண்டாங் கிளாஸ் படிக்கிற என் பொண்ணும் நடந்தே போவோம். பிளாட்ஃபார்ம்னு ஒன்னு இருக்கு, பாதி டிரான்ஸ்ஃபார்மர், மீதி டிபன் கடை பெஞ்சு, அதனால ரோட்டுல இறங்கித்தான் நடக்கணும். பின்னாடி இருந்து ஒரு ஸ்கூட்டி வருது, அந்தம்மா ஹெல்மெட்டுக்குள்ள போன சொருகி பேசிட்டே ஓட்டறாங்க, முன்னாடி யூகேஜி பையன் ஹெல்மெட் இல்லாம நிக்கிறான், பின்னாடி பெரிய பொண்ணு ரெண்டு பேக்கோட, ஸ்பீடு என்னமோ ஓஎம்ஆர் ஹைவேல போற ஸ்பீடு. ஹேண்டில்பார் என் பொண்ணோட லஞ்ச் பேக்ல மாட்டி அப்படியே புடுங்கிட்டு போயிடுச்சு. பேக் மட்டும்தான், கை இல்ல, சாமி புண்ணியம். அவ அரை சுத்து சுத்தி என் மேல வந்து விழுந்தா. எவர்சில்வர் டப்பா உருண்டு போய் தயிர் சாதம் ரோட்டுல கொட்டி, அது மேலயே அடுத்த பைக் ஏறிட்டு போகுது.

அந்தம்மா வண்டிய நிறுத்தினாங்க. சாரி சொல்ல போறாங்கன்னு பாத்தா, "குழந்தைய உள்பக்கமா புடிச்சு நடக்க மாட்டீங்களா மேடம்?" ன்னாங்க. என்னைய கேக்குறாங்க!! உள்பக்கம்னா எங்க, டிரான்ஸ்ஃபார்மர் உள்ளயா?

சரின்னு, ஸ்கூல் கிட்ட 30 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல வராதீங்கன்னு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். பத்து பேரு தம்ப்ஸ் அப் போட்டாங்க, அதுல அந்தம்மாவும் ஒருத்தங்க. இன்னொரு சார் வந்து, "30ல போனா வண்டி உருளவே உருளாது மேடம், அதெல்லாம் ஃபாரின்ல" ன்னாரு. சார், ஃபாரின் எல்லாம் இல்ல, 2023 நவம்பர்லயே சென்னை போலீஸ் சொல்லியாச்சு, குடியிருப்பு ஏரியாவுக்குள்ள எந்த வண்டியா இருந்தாலும் 30 தான். அத விடுங்க, ஒரு கணக்கு சொல்றேன். சிக்னல்ல இருந்து ஸ்கூல் கேட் வரைக்கும் அரை கிலோமீட்டர். 30ல வந்தா ஒரு நிமிஷம். நீங்க பறந்து வர்ற 50ல வந்தா 36 செகண்ட். மிச்சம் 24 செகண்ட். அந்த 24 செகண்ட மிச்சம் புடிச்சு என்ன பண்றீங்கன்னும் தினம் பாக்குறேனே, கேட்டுக்கு முன்னாடி நடு ரோட்ல கார நிறுத்தி, ரோட்டு பக்க கதவ தொறந்து புள்ளைய இறக்கி, டைய சரி பண்ணி, வாட்டர் பாட்டில் மறந்துட்டான்னு திரும்ப கூப்ட்டு குடுத்து, முழுசா மூணு நிமிஷம். பின்னாடி வேன் அண்ணா ஹார்ன் அடிச்சா அவருக்கு ஒரு முறைப்பு வேற.

50ல வர்றப்போ ஏதோ குறுக்க ஓடி வருதுன்னு மூளைக்கு உறைச்சு கால் பிரேக்குக்கு போறதுக்குள்ளயே வண்டி கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிடும், 30ன்னா எட்டு மீட்டர் சொச்சம். ரெண்டாங் கிளாஸ் புள்ள பென்சில் கீழ விழுந்தா குனிஞ்சு எடுக்க ஓடும், ரெண்டு பக்கமும் பாத்துட்டு எல்லாம் எடுக்காது.

ஸ்கூல்ல போய் கேட்டேன். கேட்டுக்கு வெளிய நடக்குறதுக்கு நாங்க பொறுப்பு இல்ல மேடம்னு சிரிச்சிட்டே சொன்னாங்க. ரைட்டு. ஆனா வெளிய "பள்ளி, மெதுவாகச் செல்லவும்"னு ஒரு போர்டு இருக்கு, பாத்திருக்கீங்களா? பாத்திருக்க முடியாது, ஏன்னா அத மறைச்சு கட்டியிருக்கறது உங்க ஸ்கூல் ஃபிளெக்ஸ்தான், 100 சதவீத தேர்ச்சி, டாப்பர்ஸ் போட்டோவோட. மே மாசம் கட்டினது, இன்னும் அவுக்கல.

ஸ்பீடு பிரேக்கர் ஒன்னு இருந்துச்சு. ரோடு புதுசா போட்டப்ப சுரண்டி எடுத்தாங்க, திரும்ப போடவே இல்ல. ஆனா பக்கத்து தெருவுல யாரோ வீட்டு வாசல்ல மட்டும் சின்ன மலை மாதிரி ஒன்னு இருக்கு, இடுப்பு உடையும். ரோடு எப்படி போடணும்னு விதி சொல்ற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவே குடுத்து வச்சிருக்கு, 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 ஸ்பீடுல வந்தா அலுங்காம ஏறி இறங்கிடலாம். அந்த மாதிரி ஒன்னு போட என்ன கேடு? இப்போதைக்கு ஸ்பீடு பிரேக்கர் எங்க வாட்ச்மேன் தாத்தாதான். பாவம், வாயில விசில், கைல சிவப்பு துணி, அவர் கைய நீட்டினா பாதி பேரு கைக்கு அடியில குனிஞ்சு போறாங்க.

பிளஸ் டூ பசங்க ஸ்கூட்டி எடுத்துட்டு வர்றது தனி கதை. 18 ஆகாத பையன் கைல சாவிய குடுத்து ஏதாவது ஆச்சுன்னா 2019 மோட்டார் வாகன சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அப்பா அம்மாவுக்கு 25,000 ஃபைன், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. கேட்டா "பக்கத்துலதானே ஆன்ட்டி". நாலு வயசு தாண்டின குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு எத்தனை பேருக்கு தெரியும், தெரிஞ்சாலும் முடி கலைஞ்சிடுமாம்!

இன்னைக்கு காலைலயும் அதே ஸ்கூட்டி, அதே போன், அந்த பையன் அதே மாதிரி முன்னாடி நின்னுட்டு எங்களுக்கு டாட்டா காட்டிட்டு போனான். என் பொண்ணும் காட்டினா, கைய சீக்கிரம் உள்ள இழுத்துக்கிட்டா. டப்பா நசுங்கினதுல மூடி சரியா மூட மாட்டேங்குது, ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பியிருக்கேன்.