பூநாரைக்கு யார் சாயம் பூசச் சொன்னது?

காலண்டர் கைக்கு வந்தது. மார்ச் மாதத் தாளைத் திருப்பியதும் வயிறு எரிந்தது. கீழே என் பெயர். மேலே என் படம். ஆனால் அதில் நிற்பது நான் பார்த்த பறவை இல்லை!

சென்ற பிப்ரவரியில் சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எடுத்த படம் அது. இருட்டு விலகும் முன்பே 200 அடி ரேடியல் சாலையோரம் ட்ரைபாடை ஊன்றி நிற்பேன். பின்னால் லாரி போகும்போதெல்லாம் லென்ஸ் அதிரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதிர்வு அடங்கியதும் அழுத்த வேண்டும். ஏழு நாள் போனேன். ஏழாம் நாள்தான் பூநாரைக் கூட்டம் கரைப்பக்கம் நகர்ந்து வந்தது. வெள்ளை உடம்பில் இளஞ்சிவப்பு லேசாகப் படர்ந்திருந்தது. இறக்கையை விரித்தால் மட்டும் உள்ளேயிருந்து ஆழ்ந்த சிவப்பும் கறுப்பும் வெளியே தெரிந்தன. ஓரமாக, இன்னும் நிறம் ஏறாத சாம்பல் நிறக் குஞ்சுப் பருவத்துப் பறவைகள் மூன்று. அந்த மூன்றும் படத்தின் சட்டத்துக்குள் வரவேண்டும் என்றுதான் அவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

காலண்டர் போட்டவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? மொத்தக் கூட்டத்தையும் பஞ்சுமிட்டாய் ரோஸ் ஆக்கிவிட்டார்கள். உடம்பெல்லாம் அடர் ரோஸாக இருப்பது கரீபியன் பக்கத்துப் பூநாரை. அது வேறு இனம். நம் சதுப்பு நிலத்துக்கு வருவது பெரிய பூநாரை. கம்ப்யூட்டரில் நிறத்தைக் கூட்டும் ஸ்லைடரை வலது பக்கம் இழுத்து, பறவையின் இனத்தையே மாற்றி, அடியில் என் பெயரையும் போட்டிருக்கிறார்கள். அந்த மூன்று இளம் பறவைகளும் ஊதாவாகிவிட்டன. ஊதாப் பூநாரை உலகத்தில் எங்கே இருக்கிறது?

போன் செய்து கேட்டேன். "ஒரிஜினல் டல்லா இருந்துச்சு சார், அதான் கொஞ்சம் கலர் ஏத்தினோம்" என்றார்கள். டல்லா? அந்த வெளிறிய நிறம்தானே அந்தப் பறவை! தின்னும் பாசியிலிருந்தும் சின்ன இறால்களிலிருந்தும் சத்தை எடுத்து, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுகிற நிறம் அது. சாம்பலாக இருந்தால் இளசு, வெளுத்துச் சிவந்திருந்தால் வளர்ந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லலாம். வயல்வெளிக் கொக்கான மடையானைப் பாருங்கள். வருடத்தில் பாதி நாள் வரப்போடு வரப்பாக மண் நிறத்தில் இருக்கும், இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாக மாறும். எல்லாப் படத்திலும் நிறத்தை ஏற்றிவிட்டால் எந்தப் பறவை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மீன்கொத்தியை இவர்கள் படுத்தும் பாடு இன்னும் கொடுமை. அதன் இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் உள்ளே இருக்கும் மிக நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் நமக்கு நீலம் தெரிகிறது. வெயிலில் பளிச்சென்று இருக்கும், நிழலுக்குப் போனால் அடங்கிவிடும். அந்த நீலத்தை உச்சத்துக்குத் தள்ளினால் என்ன ஆகும்? படத்தில் நீல நிறத்தைப் பதிகிற நீலச் சேனல் நிரம்பி வழிந்து, இறகின் நுண் கோடுகள் அழிந்து, முதுகு பெயின்ட் அப்பிய சுவர் போல ஆகிவிடும். அப்புறம் "ஷார்ப்பா இல்லையே" என்று ஷார்ப்பனிங்கை ஏற்றுவார்கள். கழுத்தைச் சுற்றி, பறவையில் இல்லாத வெள்ளைக் கோடு ஓடும். அழித்ததே நீங்கள்தானே!

கூர்மை என்பது கம்ப்யூட்டரில் வருவதில்லை. குளக்கரையில் 10 மீட்டர் தூரத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 600 மி.மீ. லென்ஸ், அதன் துவாரம் (அப்பர்ச்சர்) எஃப் 6.3. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவிலேயே கூர்மையாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ.தான். முன்னால் ஒரு நாணல் ஆடினால் ஃபோகஸ் அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸை அதிலிருந்து பிடுங்கிப் பறவையின் கண்ணில் கொண்டுவந்து வைக்கத்தான் வருடக்கணக்கில் பழகுகிறோம். அதே போலத்தான் கானல். பூநாரைகள் தூரத்தில் நிற்பவை. எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேலே காற்று நெளிய ஆரம்பிக்கும். பல லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும் அந்த நெளிவு படத்தில் விழுந்தே தீரும். ஏ.சி. ஓடும் காரிலிருந்து கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் இதே கதிதான், குளிர்காற்றும் சூடும் கலக்கிற இடம் லென்ஸுக்கு நேர் முன்னால் இருக்கும். இதற்காகத்தான் ஐயா விடியும் முன்பே போய் நிற்கிறோம்.

பத்து மணிக்கு ஆற அமர வந்து, கானலில் எடுத்து, வீட்டில் ஏ.ஐ. மென்பொருளில் போட்டுக் கூராக்குகிறார்கள். அது என்ன செய்கிறது? படத்தில் இல்லாத இறகைத் தானாக வரைந்து தருகிறது. அந்தப் படத்துக்குத்தான் "என்னா டீட்டெய்ல்!" என்று பாராட்டு. நேர்மையாக எடுத்த படம் பக்கத்திலேயே கிடக்கும், "கொஞ்சம் டல்" என்ற ஒற்றை வரியோடு. புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள்? போன வாரம் ஒரு பையன் சதுப்பு நிலத்துக்கு வந்து பூநாரையை நேரில் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? படத்துல ரோஸா இருக்குமே" என்று கேட்டான். தாங்கவில்லை எனக்கு. உயிரோடு கண்முன் நிற்கிற பறவை அவனுக்கு ஏமாற்றமாகத் தெரிகிறது.

கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) ஃபைலில் எடுங்கள். வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஒயிட் பேலன்ஸைச் சரி செய்யுங்கள், மங்கல் இருந்தால் கொஞ்சம் நீக்குங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் களத்தில் பார்த்த நிறம் எது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியுமல்லவா, அந்த இடத்தில் கையை எடுங்கள்.

அடுத்த வருடக் காலண்டருக்கும் படம் கேட்டிருக்கிறார்கள். நிறத்தில் கை வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பத்து நாள் ஆகிறது, இன்னும் பதில் இல்லை.